ஒரு ஏக்கர் பார்க்கிங், 54 வீடுகள்: கலிபோர்னியாவில் சர்ச் நிலத்தில் குறைந்த வாடகை வீடு கட்ட ஒரு முழு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனால் அங்கே கார் நிறுத்த இடம் தேட வேண்டும். திங்கள் முதல் சனி வரை போனால் நாலு கடற்காகங்களும் யாரோ விட்டுப்போன ஷாப்பிங் வண்டியும்தான். கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட சர்ச் பார்க்கிங் இடங்கள் எக்கச்சக்கம். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி ஆய்வு அமைப்பான டெர்னர் மையம் 2023-ல் கணக்குப் போட்டபோது, இந்த மாநிலத்தில் மத அமைப்புகளிடம் மட்டும் வீடு கட்டத் தோதான நிலம் 47,000 ஏக்கருக்கு மேல் இருப்பதாக வந்தது. மத அமைப்புகளின் நிலத்தில் குறைந்த வாடகை வீடு கட்ட வழிவிடும் எஸ்.பி. 4 (செனட் மசோதா 4) என்ற மாநிலச் சட்டம் அதே வருடம் அக்டோபரில் கையெழுத்தாகி, 2024 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இந்த ரகம்தான்: "எங்க சர்ச்சுக்குப் பின்னால ஒரு ஏக்கர் சும்மா கிடக்கு, ஏழைகளுக்கு வீடு கட்டலாமா?"

கட்டலாம். ஆனால் எல்லா இடத்திலும் முடியாது. நான் லாப நோக்கற்ற வீட்டு டெவலப்பர் ஒன்றில் புராஜெக்ட் மேனேஜர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகவும், சர்ச் கமிட்டியிலோ கோயில் கமிட்டியிலோ உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆமாம், சட்டத்தில் இருப்பது மத அமைப்பு என்ற சொல்தான். கோயில், மசூதி, குருத்வாரா எல்லாமே அதில் அடங்கும்.

இத்தனை வருடத்தில் நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றுதான்: 'முடியாது' என்பதற்கான காரணத்தை மலிவான இடத்திலிருந்து தேடத் தொடங்க வேண்டும். இரண்டு காபி செலவில் தெரிந்திருக்க வேண்டிய ஒரு 'முடியாது', கட்டடக் கலைஞருக்கு மூன்று லட்சம் டாலர் கொடுத்த பிறகு தெரியவந்த கதைகள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. கீழே உள்ள படிகளின் வரிசை அந்தக் கணக்கில் போட்டது. எது முக்கியம் என்று பார்த்து வரிசைப்படுத்தவில்லை, எதைச் செய்ய எவ்வளவு செலவாகும் என்று பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. முதலில் அங்கே போய் நில்லுங்கள்

"சும்மா கிடக்கிறது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு வாரம் வெவ்வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். செவ்வாய் இரவு குடிப்பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களின் கூட்டத்துக்கு முப்பது கார் வரும். வியாழன் காலை உணவு வங்கியின் லாரி நிற்கும், அதைச் சுற்றி வரிசை. பாலர் பள்ளி இருந்தால் காலை எட்டரைக்குப் பிள்ளைகளை இறக்கிவிடும் நெரிசல். பக்கத்து உணவகக்காரர் தன் ஊழியர்களுக்காகப் பத்து இடங்களை மாத வாடகைக்கு எடுத்திருப்பார், அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. இரவில் காரிலேயே தூங்கும் ஒருவரும் இருக்கக்கூடும். நாளைக்கு நீங்கள் கட்டப்போகும் வீடே அவரைப் போன்றவருக்குத்தான், ஆனால் வேலி போடும் நாளில் முதலில் வெளியேற வேண்டியவரும் அவர்தான். இவர்கள் எல்லோரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நகரசபைக் கூட்டத்தில் மைக் பிடிக்கப்போவது இவர்களில் யாராவதுதான்.

அப்புறம் கார் எண்ணுங்கள். நாலு ஞாயிறு, ஈஸ்டர் ஞாயிறைத் தவிர்த்து. 120 கார் நிற்கும் இடத்தில் உண்மையில் 45 கார்தான் வருகிறது என்று தெரிந்தால், சர்ச் மூப்பர்களிடம் பேசுவது எளிதாகிவிடும். இந்த ஓர் எண் பின்னால் பலமுறை உதவும்.

நிலத்தின் அளவையும் வடிவத்தையும் கண்ணாலேயே எடை போடலாம். நீளமாக, குறுகலாக, சரிவில் இருக்கிற அரை ஏக்கரைப் பார்த்தால் நான் மரியாதையாக விலகிவிடுவேன். தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்ப இடம் வேண்டும். வீடுகளின் எண்ணிக்கை நாற்பதுக்குக் கீழே போனால் பணம் கூடிவராது என்பது என் அனுபவம். வழக்கறிஞர் கட்டணம், வங்கிச் செலவு, கட்டடத்திலேயே குடியிருக்கும் மேனேஜர் எல்லாம் இருபது வீட்டுக்கும் ஒன்றுதான், அறுபது வீட்டுக்கும் ஒன்றுதான். கலிபோர்னியாவில் 16 வீடுகளோ அதற்கு மேலோ இருந்தால் பொறுப்பாள் ஒருவர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி.

2. கையெழுத்து யாருடையது?

பாஸ்டர் உற்சாகமாக இருப்பார். கமிட்டித் தலைவர் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்குவார். அவர்களுக்கு அந்த நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ அதிகாரம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

கத்தோலிக்கப் பங்கு என்றால் முடிவு மறைமாவட்ட ஆயரிடம். யுனைட்டட் மெத்தடிஸ்ட் சர்ச்சுகளின் சொத்து மொத்தத் திருச்சபைக்கான டிரஸ்ட் சொத்து என்று அவர்கள் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது, ஆகவே மேலிட ஒப்புதல் வேண்டும். பிரெஸ்பிட்டீரியன் சர்ச்சுக்கு அதன் வட்டார சபையான பிரெஸ்பிட்டரியின் அனுமதி தேவை. பாப்டிஸ்ட் சர்ச்சுகளில் பெரும்பாலும் சபையோரே ஓட்டுப் போட்டு முடிவெடுப்பார்கள். அது எளிது என்று தோன்றும், ஆனால் ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பார்க்கிங்குக்குத் தார் போடக் காணிக்கை கொடுத்தவர்கள். கோயில்கள் பொதுவாக லாப நோக்கற்ற கார்ப்பரேஷனாகப் பதிவானவை, எனவே துணை விதிகளை வாங்கிப் படியுங்கள். டிரஸ்டிகள் மட்டுமே போதுமா, உறுப்பினர் பொதுக்குழு கூட வேண்டுமா, எத்தனை சதவீதம் வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நம் கமிட்டிகளில் இரண்டு கோஷ்டி இருப்பது புதிதல்ல. தேர்தல் முடிந்து கோஷ்டி மாறினால் திட்டமும் போய்விடும், ஆகவே தேர்தல் எப்போது என்று நாசூக்காகக் கேட்டு வையுங்கள்.

வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் ஒரு பிரெஸ்பிட்டீரியன் சபை, உறுப்பினர்கள் குறைந்துகொண்டே வந்த நிலையில், தன் பழைய கற்கோயிலையே இடிக்கச் சம்மதித்து நிலத்தை லாப நோக்கற்ற டெவலப்பருக்கு விற்றது. அங்கே 2019-ல் கில்லியம் பிளேஸ் என்ற பெயரில் 173 வீடுகள் திறந்தன. சபை அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் வாடகைக்கு இடம் எடுத்தது. அந்த முடிவுக்கு வர அவர்களுக்குப் பல வருடம் ஆனது. உங்கள் அட்டவணையில் அந்த உள்பேச்சுக்கான காலத்தையும் சேருங்கள். அதை வெளியிலிருந்து யாராலும் அவசரப்படுத்த முடியாது.

3. விற்பதா, குத்தகையா?

நான் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகையைத்தான் சொல்வேன். எஸ்.பி. 4-ன்படி வாடகை வீடுகள் 55 ஆண்டு குறைந்த வருமானக்காரர்களுக்கே இருந்தாக வேண்டும். கடன் கொடுக்கிறவர்கள் குத்தகைக் காலம் அதைவிட நன்றாகத் தள்ளி முடிவதையே விரும்புவார்கள், அதனால் 75 முதல் 99 ஆண்டு வரை வழக்கம். நிலம் சர்ச் பெயரிலேயே இருக்கும். கட்டடம் நீங்கள் உண்டாக்கும் கூட்டாண்மையின் பெயரில் இருக்கும் (அது என்ன என்று ஏழாவது படியில் வரும்).

சர்ச்சுக்கு என்ன கிடைக்கும் என்பதை முதல் கூட்டத்திலேயே பச்சையாகப் பேசிவிடுங்கள். மாதாமாதம் பெரிய தொகை வரும் என்று யாராவது கனவு கண்டுகொண்டிருப்பார். வராது. கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் ஒரு மொத்தத் தொகை, பிறகு மிச்சம் இருந்தால் ஒரு பங்கு, இவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். கூரை மாற்றப் பணம் வேண்டும் என்பதுதான் அவர்களுடைய உண்மையான தேவை என்றால், அந்தத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். பல நேரம் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் கட்டத்தில் தேவைப்படுவது ஆப்ஷன் ஒப்பந்தம். சிறு தொகை கொடுத்து, இரண்டு மூன்று வருடத்துக்கு அந்த நிலத்தின் மேல் உங்களுக்கு மட்டும் உரிமை. சர்ச்சிடம் ஒன்றைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்: முதலீட்டாளரும் வங்கியும் கேட்கும் ஜாமீன்களில் சர்ச் ஒருபோதும் கையெழுத்துப் போடக் கூடாது. அது டெவலப்பர் சுமக்க வேண்டியது.

4. வில்லங்கம் பார்ப்பது, பிறகு மண்

ஊரில் வில்லங்கச் சான்று வாங்குவது போல இங்கே டைட்டில் கம்பெனியிடம் முன்னறிக்கை வாங்க வேண்டும். அதில் அடிக்குறிப்பாக வரும் ஒவ்வொரு ஆவணத்தையும் திறந்து படியுங்கள். 1958-ல் நிலத்தைத் தானமாகக் கொடுத்தவர் "வழிபாட்டுக்கு மட்டும்" என்று எழுதி வைத்திருப்பார். நிலத்துக்கு நடுவே சாக்கடைக் குழாய்க்கான ஈஸ்மென்ட், அதாவது குழாய் போக எழுதிக் கொடுத்த வழியுரிமை, ஓடும், அதன்மேல் கட்டடம் வைக்க முடியாது. பக்கத்து மனைக்காரருக்குப் பார்க்கிங் உரிமை பதிவாகியிருக்கும். சர்ச் கட்டடத்தின் மேல் ஏற்கெனவே ஒரு வங்கிக் கடன் இருந்து, அது மொத்த மனையையும் பிணையாக வைத்திருக்கும்.

கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். உங்கள் வங்கி, வழிபாட்டுக் கூடத்தைப் பிணையாகக் கேட்காது, கேட்கவும் கூடாது. ஆகவே பார்க்கிங் பகுதியைத் தனி மனையாகப் பிரித்தாக வேண்டும். சர்வே, வரைபடம், நகர ஒப்புதல் என்று பல மாதம் இழுக்கும். பிரித்த பிறகு சர்ச்சுக்குப் போகும் வழி, கழிவுநீர், மின்சாரம் எல்லாம் யார் மனை வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். இதை முதல் வருடமே தொடங்காதவர்கள் கடைசி மாதம் அழுவார்கள்.

மண்ணுக்கு வருவோம். ஃபேஸ் ஒன் என்று ஓர் ஆய்வு உண்டு. யாரும் குழி தோண்டுவதில்லை. பழைய வான்படங்கள், தீ காப்பீட்டு வரைபடங்கள், அரசுப் பதிவுகளைப் பார்த்து அந்த இடத்திலும் அக்கம்பக்கத்திலும் முன்பு என்ன இருந்தது என்று சொல்வார்கள். சில ஆயிரம் டாலர்தான். ஒருமுறை எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரு நிலம். பஸ் நிறுத்தம் எதிரிலேயே, பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், சபையாரும் தங்கமானவர்கள். அவசரத்தில் படம் வரைவதை முதலில் தொடங்கிவிட்டோம், இந்த ஆய்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. மூலையில் எழுபதுகளில் ஓர் உலர்சலவைக் கடை இருந்திருக்கிறது. அந்தக் கடைகள் பயன்படுத்திய பெர்க்ளோரோஎத்திலீன் என்ற ரசாயனம் மண்ணுக்குள் இறங்கி, ஆவியாகி, மேலே கட்டும் வீட்டின் தரை வழியாக உள்ளே வரும். துளையிட்டுச் சோதித்ததில் அது எங்கள் மனைக்குக் கீழேயும் வந்திருந்தது. ஆவித் தடுப்பு போட்டுக் கட்டலாம்தான், ஆனால் சுத்தப்படுத்தும் பொறுப்பு யாருடையது என்று முடிவாகாமல் எந்த வங்கியும் வராது. வரைந்த படங்கள் இன்னும் என் அலமாரியில் சுருட்டி இருக்கின்றன. தப்பு எங்களுடையது, வரிசையை மாற்றினோம்.

5. சட்டம் எவ்வளவு கட்ட விடுகிறது?

எஸ்.பி. 4-ஐ எழுதியவர் மாநில செனட்டர் ஸ்காட் வீனர். அதற்கு முன் இந்த நிலங்களில் பலவற்றில் வீடு கட்டவே சட்டம் இடம் தரவில்லை. எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதியை மாற்றக் கோரி, சூழல் ஆய்வு அறிக்கை தயாரித்து, பொது விசாரணையில் நின்று, கடைசியில் வழக்கையும் சந்திக்க வேண்டியிருந்தது. இப்போது தகுதியுள்ள திட்டத்துக்கு நகரம் விதிகளைச் சரிபார்த்து ஒப்புதல் தந்தே ஆக வேண்டும்; பிடிக்கவில்லை என்பதற்காக மறுக்க முடியாது. சீக்வா எனப்படும் மாநிலச் சூழல் ஆய்வுச் சட்டமும் குறுக்கே வராது, ஆகவே அதை வைத்துப் போடும் வழக்குகளும் இல்லை. 150 வீடு வரையிலான திட்டத்தில் எந்த விதியோடு முரண்பாடு என்று நகரம் 60 நாளுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

தகுதிகள்: நிலம் 2024 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ அந்த அமைப்புக்குச் சொந்தமாக இருந்திருக்க வேண்டும். மேனேஜர் வீட்டைத் தவிர மற்ற வீடுகள் குறைந்த வருமானக்காரர்களுக்கு. அதில் 20 சதவீதம் வரை நடுத்தர வருமானத்துக்கும், 5 சதவீதம் வரை அந்த அமைப்பின் ஊழியர்களுக்கும் போகலாம். பத்து வீட்டுக்கு மேல் போனால் தொழிலாளர்களுக்கு அரசு நிர்ணயித்த நடப்புக் கூலி. கனரகத் தொழிற்சாலை, எண்ணெய்க் கிணறு போன்றவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலத்துக்கு இந்தச் சட்டம் கை கொடுக்காது. 2036 ஜனவரி 1-உடன் காலாவதியாகும்.

வீடு கட்ட ஏற்கெனவே அனுமதி உள்ள பகுதி என்றால், பெருநகர வட்டாரங்களில் ஏக்கருக்கு 30 வீடு என்று வைத்துக்கொள்ளலாம். அதன்மேல் அடர்த்தி போனஸ் சட்டம் இருக்கிறது. 2019-ல் வந்த ஏ.பி. 1763 திருத்தத்துக்குப் பிறகு, மொத்தமும் மலிவு வீடாக உள்ள திட்டத்துக்கு 80 சதவீதம் கூடுதல். 30 என்பது 54 ஆகிறது. தலைப்பில் போட்டிருக்கும் எண் இப்படி வந்ததுதான். முக்கியப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பார்க்கிங் கட்டியே ஆக வேண்டும் என்று நகரம் அங்கே கேட்க முடியாது. ஒவ்வொரு கார் இடமும் கட்டடத்துக்குள் போனால் பல்லாயிரம் டாலர் என்பதால் இது சில்லறைச் சலுகை இல்லை.

எஸ்.பி. 4 மட்டும்தான் வழி என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். வணிகச் சாலையை ஒட்டிய நிலத்துக்கு 2022-ன் ஏ.பி. 2011 பொருந்தலாம். மாநிலம் வைத்த வீட்டு இலக்கை எட்டாத நகரங்களில் எஸ்.பி. 35, இப்போது எஸ்.பி. 423. பெர்க்லியில் நகரத்துக்குச் சொந்தமான ஒரு பார்க்கிங் இடத்தில் பிரிட்ஜ் ஹவுசிங்கும் பெர்க்லி ஃபுட் அண்ட் ஹவுசிங் புராஜெக்ட்டும் எழுப்பிய பெர்க்லி வே, ஹோப் சென்டர் திட்டம் 2018-ல் எஸ்.பி. 35 வழியாகத்தான் ஒப்புதல் வாங்கியது. 89 குறைந்த வாடகை வீடுகள், வீடற்றவர்களுக்கான 53 நிரந்தர வீடுகள், 44 படுக்கை கொண்ட தங்குமிடம். ஒப்புதல் விரைவாக வந்தும் திறந்தது 2022-ல். சட்டம் திறந்துவிடுவது ஒரு கதவைத்தான், அடுத்து பணம் என்று ஒரு கதவு இருக்கிறது. அதற்கு முன் ஒரு சின்னப் படி.

6. யாருக்கான வீடு?

முதியோருக்கா, குடும்பங்களுக்கா, தெருவில் இருந்தவர்களுக்கா? சபையார் பெரும்பாலும் முதியோர் என்பார்கள்; அக்கம்பக்கத்துக்கும் அதுதான் பிடிக்கும், பாட்டிகள் கார் ஓட்டுவதில்லை, சத்தம் போடுவதில்லை. ஆனால் பணம் இருக்கிற கஜானா யாருக்கான வீட்டைக் கேட்கிறது என்பதையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குடும்ப வீடுகள் என்று மாநில வரிச்சலுகைக் குழுவிடம் (அந்தச் சலுகை என்ன என்று அடுத்த படியில்) விண்ணப்பித்தால், குறைந்தது கால்வாசி மூன்று படுக்கையறையாகவும் இன்னொரு கால்வாசி இரண்டு படுக்கையறையாகவும் இருக்க வேண்டும். கட்டடத்தின் உருவமே மாறிவிடும்.

கமிட்டிகளில் தவறாமல் வரும் ஒரு கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். "நம்ம ஆளுங்களுக்கு முன்னுரிமை தரலாமா?" தர முடியாது. 1968-ன் நியாய வீட்டுவசதிச் சட்டம் இன்னும் இருக்கிறது. அரசுப் பணத்தில் கட்டும் வீட்டை ஒரு மதத்தாருக்கோ ஒரு மொழிக்காரருக்கோ ஒதுக்க முடியாது, சைவச் சாப்பாட்டுக்காரர்கள் மட்டும் என்று போர்டு மாட்டவும் முடியாது. மேலே சொன்ன 5 சதவீத ஊழியர் ஒதுக்கீடு மட்டும் உண்டு. இதைக் கேட்டதும் ஆர்வம் வடிந்துவிடும் கமிட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதுவும் மலிவாகக் கிடைத்த 'முடியாது'தான், கோபித்துக்கொள்ளாமல் விடைபெறுங்கள்.

7. பணம்

இங்கேதான் மெதுவாகப் படிக்க வேண்டும். நிலம் சும்மா கிடைத்தாலும் வீடு மலிவாகக் கட்டப்படுவதில்லை. ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், முறை மாறாது.

ஒரு வீட்டுக்கு மொத்தச் செலவு 6,00,000 டாலர் என்று வையுங்கள். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் இதுவே குறைவு. அதில் குடியேறும் குடும்பத்தின் வருட வருமானம் 60,000 டாலர். வருமானத்தில் 30 சதவீதம்தான் வாடகை என்பது விதி. வருடம் 18,000, மாதம் 1,500. மின்சாரம், எரிவாயுவுக்கு 100 கழித்தால் 1,400. மேனேஜர், காப்பீடு, பழுது, தண்ணீர், எதிர்காலக் கூரைக்கான சேமிப்பு எல்லாம் மாதம் 900. மிச்சம் 500. வங்கி அந்த 500 முழுவதையும் தவணையாக ஏற்காது, கொஞ்சம் இடைவெளி கேட்கும். ஆக மாதம் 435. ஆறரை சதவீத வட்டிக்கு 35 வருடத்தில் அந்தத் தவணை எவ்வளவு கடனைத் தாங்கும்? சுமார் 72,000 டாலர். மீதி 5,28,000 எங்கிருந்து வரும்?

பெரிய பங்கு லைட்டெக் என்று நாங்கள் சொல்லும் குறைந்த வருமான வீட்டு வரிச்சலுகையிலிருந்து. 1986 வரிச் சீர்திருத்தத்தில் வந்தது. அரசு கையில் பணமாகத் தருவதில்லை; பத்து வருடத்துக்கு வரியில் கழித்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. லாப நோக்கற்ற நிறுவனத்துக்கு வரியே கிடையாது, அதனால் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது? வரி கட்டும் ஒருவரிடம், பெரும்பாலும் வங்கியிடம், விற்க வேண்டும். அதற்காக ஒரு கூட்டாண்மை உண்டாக்குவார்கள். முதலீட்டாளருக்கு 99.99 சதவீதம், உங்களுக்கு 0.01 சதவீதம், ஆனால் நடத்துகிறவர் நீங்கள். குறைந்த வருமானப் பகுதிகளின் தேவைகளையும் கவனிக்கச் சொல்லும் 1977-ன் சமுதாய மறுமுதலீட்டுச் சட்டத்தின்படி வங்கிகளுக்கும் இதைச் செய்ய ஒரு காரணம் இருக்கிறது.

இரண்டு வகை. 9 சதவீதச் சலுகை பெரியது, ஆனால் ஒதுக்கீடு குறைவு, கடும் போட்டி. 4 சதவீதச் சலுகை வரிவிலக்குப் பத்திரங்களோடு, அதாவது வட்டிக்கு வரி இல்லாத கடன் பத்திரங்களோடு, சேர்ந்து வருவது. முன்பு செலவில் பாதியைப் பத்திரங்களால் ஈடுகட்ட வேண்டியிருந்தது, 2025-ல் வந்த மத்தியச் சட்டம் 2026 முதல் அதைக் கால்வாசியாகக் குறைத்திருக்கிறது. அதே அளவு பத்திரங்களை வைத்து இப்போது கூடுதல் திட்டங்கள் நகர முடியும். நம் கணக்கில் சலுகைக்குத் தகுதியான செலவு 5,20,000 என்றால், செலவு அதிகமான பகுதிகளுக்கான 30 சதவீதக் கூடுதலோடு 6,76,000. அதில் 4 சதவீதம், பத்து வருடம்: 2,70,000. முதலீட்டாளர் டாலருக்கு 85 சென்ட் கொடுத்தால் கையில் சுமார் 2,30,000.

கடனையும் சேர்த்தால் மூன்று லட்சம் ஆயிற்று. இன்னும் மூன்று லட்சம், 54 வீட்டுக்கு ஒரு கோடியே அறுபத்திரண்டு லட்சம் டாலர், நகரம், கவுன்டி, மாநிலம் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொருவரும் "மற்றவர்கள் கொடுத்துவிட்டார்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பொண்ணு வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டைக் கேட்பதும், மாப்பிள்ளை வீட்டார் திருப்பிக் கேட்பதும் போல. வழக்கமான வரிசை: நகரம் முதலில், பிறகு கவுன்டி, பிறகு மாநில வீட்டுவசதித் துறை, கடைசியில் பத்திரமும் வரிச்சலுகையும். ஒரு சுற்றில் தவறினால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குள் சிமென்ட் விலையும் வட்டியும் மாறியிருக்கும். கடைசி ஒதுக்கீடு வந்துவிட்டால் சுமார் ஆறு மாதத்துக்குள் எல்லாக் கடனையும் கையெழுத்திட்டு முடிக்க வேண்டும். அந்த ஆறு மாதம் எனக்குத் தூக்கமே இருக்காது.

வீட்டோடு இணைந்த வாடகை வவுச்சர்கள் கிடைத்தால் கணக்கே மாறும். குடியிருப்பவர் தன் வருமானத்தில் 30 சதவீதம் கொடுப்பார், மீதியை வட்டார வீட்டுவசதி ஆணையம் தரும். வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு வீடு கொடுக்கவும் முடியும், வங்கிக் கடனும் கூடும். ஆணையத்தோடு முதல் வருடமே பேசி வையுங்கள்.

இவ்வளவும் வருவதற்கு முன்னாலேயே படம், ஆய்வு, வழக்கறிஞர் என்று உங்கள் கையிலிருந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கும். அதற்குச் சமுதாய வளர்ச்சிக் கடன் நிறுவனங்கள் உண்டு. திட்டம் விழுந்தால் அந்தக் கடன் உங்கள் தலையில். டெவலப்பர் கட்டணம் வாங்கக் கூச்சப்படாதீர்கள். லாப நோக்கற்றது என்றால் சம்பளம் இல்லாதது என்று அர்த்தமில்லை. அடுத்த நிலத்தில் 'முடியாது' என்று கண்டுபிடிக்க ஆகும் செலவும் இந்தக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. சிறிய அமைப்பு என்றால் முதல் திட்டத்தைப் பெரிய லாப நோக்கற்ற டெவலப்பரோடு சேர்ந்து செய்யுங்கள். முதலீட்டாளர் கேட்கும் ஜாமீன்களைத் தாங்க இருப்புநிலைக் குறிப்பில் வலு வேண்டும், நல்ல மனசு போதாது.

சொத்து வரியை மறந்துவிடாதீர்கள். நிர்வாகப் பங்காளி தகுதியுள்ள லாப நோக்கற்ற அமைப்பாக இருந்தால் கலிபோர்னியாவில் இந்த வீடுகளுக்கு வரி விலக்கு உண்டு, ஆனால் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும்.

8. அக்கம்பக்கம்

சட்டப்படி அவர்களால் தடுக்க முடியாது என்பதால் அவர்களைச் சந்திக்காமல் இருந்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நகரப் பணம் கேட்கும்போது கவுன்சிலர்கள் ஓட்டுப் போட வேண்டும், அப்போது தெரியும்.

பெரிய மண்டபத்தில் ஒரே கூட்டம் வைக்காதீர்கள். அங்கே மிக உரக்கப் பேசுபவர்தான் ஜெயிப்பார். சபையாரில் அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர் வீட்டு வரவேற்பறையில் எட்டுப் பேர், பத்துப் பேராக வையுங்கள். முதல் கேள்வி பார்க்கிங். முதல் படியில் எண்ணிய கார்க் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். இரண்டாவது கேள்வி நிழல், உயரம். மூன்றாவது கேள்வி வாய்விட்டு வராது, "எப்படிப்பட்ட ஆட்கள்" என்று சுற்றி வளைத்து வரும். 2018-ல் சான் பிரான்சிஸ்கோவில் நாலு பேர் குடும்பத்துக்குக் குறைந்த வருமானம் என்று மத்திய அரசு வைத்த உச்சவரம்பு 1,17,400 டாலர் என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியம். ஆனால் ஆசிரியரையும் நர்ஸையும் மட்டுமே காட்டிப் பேசாதீர்கள். வீடில்லாமல் இருந்தவர்களும் வரப்போகிறார்கள் என்றால் அதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே கட்டிய கட்டடத்துக்கு வேன் வைத்து அழைத்துப் போவதுதான் எனக்குத் தெரிந்து அதிகம் மனம் மாற்றிய காரியம்.

எதிர்ப்பிலிருந்து திட்டமே பிறப்பதும் உண்டு. ஓக்லண்டின் ஃப்ரூட்வேலில் பார்ட் ரயில் நிறுவனம் 1991-ல் அடுக்கு மாடிப் பார்க்கிங் கட்டப் பார்த்தது. அது கடைத்தெருவை ரயில் நிலையத்திலிருந்து துண்டித்துவிடும் என்று உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள். யூனிட்டி கவுன்சில் என்ற லாப நோக்கற்ற அமைப்பு மாற்றுத் திட்டத்தை முன்வைத்தது. முதல் கட்டம் 2004-ல் திறந்தது, வீடுகள், கிளினிக், நூலகம் எல்லாம் சேர்த்து.

9. கட்டும்போது

ஒன்றரை முதல் இரண்டு வருடம். அந்த ஞாயிறுகளில் சபையாரின் கார்கள் எங்கே நிற்கும் என்று வேலி போடும் முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள். எதிரில் உள்ள பள்ளியின் இடத்தை வாடகைக்கு எடுப்பது வழக்கம். சாவு வீட்டு ஆராதனை, திருமணம் நடக்கும் நேரத்தில் டிரில் ஓடக் கூடாது என்று ஒப்பந்ததாரரோடு பேசி வையுங்கள். நடப்புக் கூலிப் பதிவேட்டை வாராவாரம் சரிபார்க்க ஆள் போடுங்கள். மற்றபடி இந்தக் கட்டம்தான் இருப்பதிலேயே நிம்மதி, என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

10. சாவி கொடுத்த பிறகு

திறப்பதற்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பம் வாங்கத் தொடங்க வேண்டும். 54 வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும், குலுக்கல்தான். பாஸ்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள்: தேர்வில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை, சிபாரிசுக் கடிதத்துக்கு மதிப்பில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அவர்தான் சபையாரிடம் மாட்டிக்கொள்வார். வருமானச் சான்றுகளில் ஒரு தாள் குறைந்தாலும் அந்த வீட்டின் வரிச்சலுகை போய்விடக்கூடும் என்பதால் முதல் வருடத்துக்கு அனுபவமுள்ள நிர்வாக நிறுவனத்தை வையுங்கள், மலிவானதைத் தேட வேண்டாம்.

கடைசியாகப் பதினைந்தாவது வருடம். முதலீட்டாளர் பத்து வருடத்தில் தன் சலுகையை எடுத்து முடித்துவிடுவார். மத்திய விதிகளின் கண்காணிப்பு 15 வருடம். பிறகு அவர் விலக வேண்டும், கட்டடம் லாப நோக்கற்ற அமைப்பின் கைக்கு வர வேண்டும் என்பதுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது. வரிச் சட்டத்தின் 42-வது பிரிவு, கடன் பாக்கியும் வரியும் சேர்ந்த குறைந்தபட்ச விலைக்கு முதலில் வாங்கும் உரிமையை லாப நோக்கற்ற அமைப்புக்குத் தர இடம் கொடுக்கிறது. ஆனால் முதலீட்டாளரின் பங்கை இடையில் வேறொருவர் வாங்கி, அந்த உரிமையின் வாசகம் தெளிவாக இல்லை என்று கோர்ட்டுக்குப் போன வழக்குகள் அமெரிக்காவில் பல உண்டு. ஆகவே கூட்டாண்மைப் பத்திரம் கையெழுத்தாகும் நாளிலேயே அந்தப் பத்தியை உங்கள் வழக்கறிஞரிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். யார் தொடங்கி வைப்பது, மூன்றாம் நபர் விலை கேட்க வேண்டுமா, முதலீட்டாளர் சம்மதம் வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்கட்டும். அந்தப் பக்கத்தின் நகலை ஓர் உறையில் போட்டு, மேலே '13-வது வருடம் திறக்கவும்' என்று எழுதி, ஒன்றை உங்கள் வாரியச் செயலாளரிடமும் இன்னொன்றை சர்ச் அலுவலகப் பெட்டகத்திலும் வையுங்கள். அதற்குள் நீங்களும் நானும் வேறு வேலைக்குப் போயிருப்போம்.